அக்கார்டியனுக்கே வாழ்க்கையைக் கொடுத்தவர்கள்: அந்தப் பெட்டி சோறு போட்டதா?

வைகைக்கரை:
வணக்கம் நண்பர்களே. போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பாவின் அக்கார்டியனைப் பரணிலிருந்து இறக்கினேன். எழுபதுகளில் மதுரைப் பக்கம் மெல்லிசைக் கச்சேரிகளில் வாசித்தவர். பகலில் நூற்பாலை வேலை, திருவிழா சீசன் வந்துவிட்டால் ராத்திரியெல்லாம் மேடை, விடிந்ததும் குளித்துவிட்டு மறுபடி மில்லுக்கு. கீபோர்டு வந்த பிறகு கூப்பிடுவது குறைந்து குறைந்து ஒரு கட்டத்தில் நின்றே போனது. கடைசியாக எந்த ஊரில் வாசித்தார் என்று கேட்டால் அவருக்கே நினைவில்லை. இப்போது 78 வயது. பெட்டியைத் திறந்ததும் பழந்தோல் வாசமும் அந்துருண்டை வாசமும் சேர்ந்து அடித்தது. வாரைத் தோளில் மாட்டிவிட்டேன், துருத்தியை விரித்தார், பாதிக் கட்டைகளில் வெறும் காற்றுதான் வந்தது. ஆனால் அவருடைய இடது கை பார்க்காமலே சரியான பொத்தானுக்குப் போனதை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து மனதில் இதே கேள்விதான். பியானோ, வயலின் மேதைகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். இந்தப் பெட்டியையே கட்டிக்கொண்டு வாழ்ந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதில் சாப்பிட்டார்கள், கடைசிக் காலம் எப்படி இருந்தது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ரீட்பெட்டி:
சித்தப்பா கதையைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் நார்சிசோ மார்ட்டினெஸ். மெக்சிகோவின் ரெய்னோசாவில் 1911-ல் பிறந்து, எல்லை தாண்டி டெக்சாஸின் தென்கோடியில் பிரவுன்ஸ்வில் பக்கம் வளர்ந்தவர். இன்றைக்கு டெக்சாஸ் மெக்சிகர்களின் 'கொன்ஹுண்டோ' இசைக்கு அவரைத்தான் தந்தை என்கிறார்கள். அவர் செய்தது ஒரு சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது: தாழ்ந்த சுரங்களைத் தரும் இடது கை 'பாஸ்' பொத்தான்களை ஏறக்குறைய விட்டுவிட்டார். அந்த வேலையை சாண்டியாகோ அல்மெய்தாவின் பாஹோ செஸ்தோ என்ற பன்னிரண்டு தந்திக் கிதார் பார்த்துக்கொண்டது, இவர் வலது கையால் மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு பறந்தார். 'பள்ளத்தாக்கின் சூறாவளி' என்று பட்டப்பெயர்.

1930-களின் நடுவில் ப்ளூபேர்ட் கம்பெனிக்கு இசைத்தட்டுப் பதிவு செய்தார். நன்றாக விற்றது. எவ்வளவு நன்றாக என்றால், கம்பெனி அதே பதிவுகளை லூசியானாவில் பிரெஞ்சு பேசும் கேஜன் மக்களுக்கு 'லூசியானா பீட்' என்ற பெயரிலும், போலந்துக்காரர்களுக்கு 'போல்ஸ்கி குவார்டெட்' என்ற பெயரிலும் போட்டு விற்றது. ஒரே மனிதன், மூன்று பெயர். தட்டு எங்கெங்கோ சுற்றியது. அவர் வயல்கூலியாக, லாரி ஓட்டுநராக, கடைசியில் பிரவுன்ஸ்வில் மிருகக்காட்சிசாலையில் விலங்குகளைப் பராமரிப்பவராக வேலை பார்த்தார். 1983-ல் அமெரிக்க அரசின் தேசிய பாரம்பரிய விருது வந்தது. அப்போது வயது 70-க்கு மேல்.

பழைய_இசைத்தட்டு:
கொலம்பியா பக்கம் போகாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. கரீபியன் கடலோரப் பகுதியில் அக்கார்டியன் ஒரு வாத்தியம் மட்டுமில்லை, செய்தித்தாள் மாதிரி. மாடு மேய்ப்பவர்கள் ஊர் ஊராகப் போகும்போது ஒரு ஊர் நடப்பைப் பாட்டாக்கி அடுத்த ஊரில் பாடினார்கள். அந்த இசைக்கு 'வல்லேனாத்தோ' என்று பெயர். மூன்று வரிசைப் பொத்தான் வைத்த ஜெர்மன் ஹோனர் பெட்டி, காஹா என்ற சின்ன முரசு, குவாச்சராக்கா என்ற உரசு கருவி, இந்த மூன்றுதான் கச்சேரி. பொத்தானை அழுத்தித் துருத்தியை விரித்தால் ஒரு சுரம், அதே பொத்தானில் மூடினால் வேறு சுரம், மவுத் ஆர்கன் மாதிரி.

இதில் அலெஹோ துரான் என்ற மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1919-ல் எல் பாசோ என்ற ஊரில் பிறந்தவர், பண்ணையில் மாடு ஓட்டியவர். வல்லேதுபார் நகரில் 1968-ல் முதல் வல்லேனாத்தோ திருவிழா நடந்தபோது முதல் அரசராக முடிசூட்டப்பட்டார். அங்கே போட்டி எப்படி என்றால் பாசேயோ, மெரெங்கே, சோன், புயா என்று நான்கு நடைகளையும் ஒருவரே வாசித்துக் காட்ட வேண்டும். புயாதான் வேகமானது, கை வழுக்கும் இடம் அதுதான்.

19 வருடம் கழித்து, 1987-ல் 'அரசர்களுக்கெல்லாம் அரசர்' யார் என்று ஒரு பெரிய போட்டி வைத்தார்கள், இதுவரை ஜெயித்தவர்கள் எல்லாம் மறுபடி மோத வேண்டும். துரானுக்கு அப்போது 68. சதுக்கம் முழுக்க அவர் பக்கம். புயா வாசிக்கும்போது பாஸில் ஒரு தவறு நடந்தது. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள். அவர் வாசிப்பதை நிறுத்தினார், என்னை நானே தகுதிநீக்கம் செய்துகொள்கிறேன் என்று மக்களிடம் சொன்னார், போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். பட்டம் கொலாச்சோ மெந்தோசாவுக்குப் போனது, கூட்டம் கொதித்தது. துரான் இரண்டு வருடத்தில், 1989-ல் இறந்துபோனார். அங்கே அந்த வருடப் போட்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் ஜெயித்தவருக்கு முன்னால் இவர் பெயர்தான் வருகிறது.

அப்புறம் எமிலியானோ சுலேத்தா, லொரென்சோ மொராலேஸ் இரண்டு பேருடைய பகையும் உண்டு. 1930-களில் யார் பெரிய ஆள் என்று இருவரும் பாட்டிலேயே திட்டிக்கொண்டார்கள். எதிராளி போட்டிக்குப் பயந்து ஓடிவிட்டதாக சுலேத்தா கட்டிய பாட்டு நாடு முழுக்கப் பரவியது, 1993-ல் கார்லோஸ் விவேஸ் பாடியபோது உலகம் முழுக்கப் போனது. இருவருமோ நடுவிலேயே நண்பர்களாகிவிட்டார்கள். இரண்டு பேரும் தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார்கள்.

வைகைக்கரை:
தவறு செய்ததும் நிறுத்திய மனிதரைப் பற்றி சித்தப்பாவிடம் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கூட்டத்துக்குத் தெரியாதுப்பா, ஆனா விரலுக்குத் தெரியும்" என்றார். நன்றி சார், மனதார.

பாரிஸ்_கிழக்கு:
வணக்கம் வைகைக்கரை அண்ணை. நான் யாழ்ப்பாணத்துப் பிறவி, பாரிஸில் முப்பது வருடம். இங்கே மெட்ரோவுக்குள் அக்கார்டியன் வாசித்துக்கொண்டு வருகிறவர்களை ஒவ்வொரு நாளும் காண்கிறேன், இரண்டு ஸ்டேஷனுக்கு ஒரு பாட்டு, பிறகு காகிதக் கோப்பையை நீட்டுவார்கள். இந்த நகரத்தின் குரலே அக்கார்டியன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், ஆனால் அதுவும் எங்களைப் போல வந்தேறிகள் கொண்டுவந்ததுதான். மலைநாடான ஓவெர்ஞ்ஞிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பாஸ்டிலுக்குப் பக்கத்தில் ரூ த லாப் தெருவில் கரியும் வைனும் விற்றுக்கொண்டு, கப்ரெத் என்ற தோல்பைக் குழல் ஊதி ஆடினார்கள். இத்தாலியிலிருந்து வந்தவர்கள் அக்கார்டியனோடு வந்தார்கள். முதலில் சண்டை, பிறகு சேர்ந்து வாசிப்பு, அதிலிருந்து பிறந்ததுதான் 'முசெத்' என்ற நடன இசை.

நான் சொல்ல விரும்புகிறது இவெத் ஓர்நெர் என்ற பெண்ணைப் பற்றி. 1922-ல் தார்ப் நகரத்தில் பிறந்தவர். பியானோ படித்தவர், வீட்டார்தான் அக்கார்டியன் பக்கம் திருப்பினார்கள். 1948-ல் அக்கார்டியன் உலகக் கோப்பைப் போட்டியில் வென்றார். 1952-ல் தூர் த பிரான்ஸ் சைக்கிள் ஓட்டப் போட்டியின் விளம்பர ஊர்வலத்தில் காருக்கு மேலே உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார், பதினொரு தடவை போனார். யோசித்துப் பாருங்கள், ஜூலை வெயில், ஓடுகிற கார், தூசி, மடியில் பத்துக் கிலோவுக்கு மேல் பாரம், நாள் முழுக்கச் சிரித்த முகம். மாலையில் சைக்கிள்காரர் படுக்கப் போக, இவர் அந்த ஊர் மேடையில் ஏறி வாசிக்க வேண்டும். கால்பந்து ஆட்டக்காரரான கணவர் தன் ஆட்டத்தை விட்டுவிட்டு இவருடைய வேலைகளைப் பார்த்துக்கொண்டார். 2018-ல் 95 வயதில் காலமானார். இங்கே படித்தவர்கள் கன காலம் அவரை மலிவு இசை என்று ஒதுக்கினார்கள். அந்த உடம்பு உழைத்த உழைப்பை அவர்கள் பார்க்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

தேரிமணல்:
எல்லாம் நல்லா இருக்கு. ஆனால் ஒன்று சொல்லட்டுமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கலைஞன் என்றால் ஏழையாகச் சாக வேண்டும் என்கிற மாதிரி இழை போய்க்கொண்டிருக்கிறது. அக்கார்டியனால் நன்றாக வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களையும் வையுங்கள்.

பிரேசிலின் லூயிஸ் கொன்சாகா. வறண்ட வடகிழக்கில் எஷு என்ற ஊரில் 1912-ல் பிறந்தார். அப்பா ஜனுவாரியோ எட்டு பாஸ் பெட்டி வாசிப்பவர், பழுதும் பார்ப்பவர். இவர் 1930-ல் வீட்டை விட்டு ஓடி ராணுவத்தில் சேர்ந்தார், 1939-ல் ரியோவுக்கு வந்து மதுக்கடைகளில் டாங்கோ, வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் என்று பட்டணத்துக்காரர்கள் கேட்டதை வாசித்துப் பிழைத்தார். ஒருநாள் அவர் பகுதியிலிருந்து வந்த மாணவர்கள், நம்ம ஊர்ப் பாட்டு ஒன்று வாசியுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அதுதான் திருப்பம். ரேடியோ புதுமுகப் போட்டியில் ஊர் மெட்டை வாசித்து முழு மதிப்பெண் வாங்கினார். அப்புறம் மாட்டுக்காரர்கள் போடும் தோல் தொப்பியை வைத்துக்கொண்டு மேடை ஏறினார், பையாவோ என்ற நடையை நாடே ஆடியது. வறட்சியில் ஊரை விட்டுப் போகிறவனைப் பற்றி 1947-ல் அவர் பதிவு செய்த 'ஆசா பிராங்கா' பிரேசிலில் தேசிய கீதம் மாதிரி. அவர் பிறந்த டிசம்பர் 13-ஐ, அந்த வடகிழக்குப் பகுதியின் நடன இசையான ஃபோஹோவின் தேசிய நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த இடம், பதினாறு வருடம் கழித்து அவர் ஊருக்குத் திரும்பியது. 120 பாஸ் வைத்த பளபளக்கும் பெரிய பெட்டியோடு போயிருக்கிறார். ஊர்க்காரர்களோ, நீ எவ்வளவு பெரிய பெட்டி வைத்திருந்தாலும் உன் அப்பனின் எட்டு பாஸுக்கு மரியாதை கொடு என்றார்களாம். அதையே பாட்டாக்கிவிட்டார் மனிதர்.

ஸ்காட்லாந்தின் ஜிம்மி ஷாண்டும் அப்படித்தான். 14 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். 1926 பொது வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்களுக்காக வாசித்தார், அதனாலேயே திரும்பச் சுரங்கத்தில் சேர்க்கவில்லை. பிறகு ஒரு இசைக்கருவிக் கடையில் விற்பனை, கடன் வசூல் வேலை. அங்கிருந்து கிளம்பி உலகம் சுற்றி, 1999-ல் சர் பட்டம் வாங்கி, 2000-ல் 92 வயதில் கண்மூடினார். இதுவும் அக்கார்டியன் வாழ்க்கைதானே?

ரீட்பெட்டி:
தேரிமணல், நீங்கள் சொல்வது நியாயம், கொன்சாகாவைச் சேர்த்ததற்கு நன்றி. ஆனால் நாம் ஏழ்மையைப் பாராட்டவில்லை. திறமை ஒன்றாகவே இருந்தும் ஒருவருக்கு சர் பட்டமும் ஒருவருக்குக் கல்லில்லாத குழியும் ஏன் கிடைத்தது என்பதைப் பேசாமல் விடக்கூடாது. அமெடே ஆர்துவாங் கதையை எழுதாமல் என்னால் தூங்க முடியாது.

லூசியானாவில் பிரெஞ்சு பேசும் கறுப்பின விவசாயக் குடும்பத்தில் 1898-ல் பிறந்தவர். சின்ன உருவம். மாவு மூட்டைச் சாக்கில் பெட்டியைப் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு நடனம் நடக்கும் வீடு வீடாகப் போவார். வெள்ளைக்கார வயலின்காரர் டென்னிஸ் மெக்கீயோடு சேர்ந்து வாசித்தார், அந்தக் காலத்தில் அந்த ஊரில் அது சாதாரண விஷயம் இல்லை. 1929 முதல் 1934 வரை பதிவு செய்தது மொத்தம் 34 பாட்டு. இன்றைய கேஜன் இசை, அங்கே பிரெஞ்சு பேசும் கறுப்பின மக்களின் ஸைடகோ இசை இரண்டுக்கும் அடித்தளம் அந்த 34 பாட்டுதான். அந்தக் குரலைக் கேட்டுப் பாருங்கள், உயர்ந்த சுருதியில் அழுகிற மாதிரி, அடியில் பெட்டி குதிரை மாதிரி ஓடும்.

1930-களின் கடைசியில் ஒரு நடன வீட்டில் வியர்த்துக் கொட்டிக்கொண்டு வாசித்தபோது, முகம் துடைத்துக்கொள்ள ஒரு வெள்ளைக்காரப் பெண் கைக்குட்டை கொடுத்தார் என்றும், அதற்காக வெளியே வழிமறித்து அடித்துப் போட்டார்கள் என்றும் அந்த ஊர்ப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அதன்பின் அவர் பழைய ஆளாக இல்லை. 1942-ல் பைன்வில் அரசு மனநல மருத்துவமனையில் இறந்தார். எந்தக் குழியில் புதைத்தார்கள் என்று அடையாளம் இல்லை. 2018-ல் ஓப்பலூசஸ் பக்கம் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

அதே ஓப்பலூசஸ் பகுதியில் பிறந்தவர்தான் ஸைடகோவின் அரசர் கிளிஃப்டன் ஷெனியே. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே வாசித்து மேலே வந்தவர். கிராமி விருது வாங்கியபோது சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருந்தது. டயாலிசிஸ் செய்துகொண்டே மேடை ஏறினார். 1987-ல் 62 வயதில் போய்விட்டார். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நடுவில் ஒரு தலைமுறைதான்.

கட்டைவிரல்:
அருமையான இழை. அர்ஜென்டினாவின் டாங்கோ மேதை பியாசோலாவை யாரும் சொல்லவில்லையே?

பழைய_இசைத்தட்டு:
அவர் வாசித்தது பாண்டோனியன். சொந்தக்காரர்தான், ஆனால் அக்கார்டியன் இல்லை. இடது கையில் ஒரே பொத்தானில் மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கும் வசதி அதில் கிடையாது, ஒவ்வொரு பொத்தானும் தனிச்சுரம். அவருக்குத் தனி இழையே வேண்டும், தொடங்குங்கள், நான் வருகிறேன். இங்கே சேர்க்க வேண்டிய இன்னொருவர் ரஷ்யாவின் ஃபிரீட்ரிஹ் லிப்ஸ். பாயான் என்ற பொத்தான் அக்கார்டியனை மாஸ்கோவின் க்னெசின் இசைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து கற்றுக்கொடுப்பவர். சோஃபியா குபைதுலினா 1978-ல் அவருக்காக எழுதிய தனி வாசிப்பு ஒன்றில், சுரமே இல்லாமல் துருத்தி வெறும் மூச்சு விடும் இடங்கள் வரும். மில் வேலைக்கும் மேடைக்கும் நடுவில் ஓடாமல், சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த வாத்தியத்தோடு மட்டும் வாழ்ந்தவர் ஒருவராவது பட்டியலில் இருக்கட்டும்.

திருப்புளி:
கதை எல்லாம் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நான் பழுது பார்க்கிற ஆள், ஆர்மோனியமும் அக்கார்டியனும்தான் தொழில், அதனால் வைகைக்கரை தம்பிக்கு வேலை விஷயமாக நாலு வார்த்தை. முதலில் அந்தப் பெட்டியை வேகமாக இழுத்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். கட்டையோ காற்றுப் பொத்தானோ அழுத்தாமல் துருத்தியை இழுக்கவே கூடாது. கசிவு பார்க்க வேண்டுமென்றால் வாரை அவிழ்த்து, ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கி, மறுபக்கம் தானாக இறங்க விடுங்கள். மெல்ல இறங்கினால் துருத்தி நல்லது. மடமடவென்று விழுந்தால் எங்கேயோ காற்று போகிறது.

துருத்தியின் ஓரத்தில் வரிசையாகச் சின்ன ஆணிகள் இருக்கும். அவற்றைப் பிடுங்கினால் வலது பக்கம் கழன்று வரும். எந்த ஆணி எந்தத் துளை என்று அட்டையில் குத்தி வையுங்கள், மாற்றிப் போட்டால் பிடிக்காது. உள்ளே மரக்கட்டைகளில் வரிசையாக அலுமினியத் தகடு, ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு எஃகு நாக்கு, ஒன்று காற்று உள்ளே போகும்போது பேசும், ஒன்று வெளியே வரும்போது. நான்கு குரல் வைத்த, அதாவது ஒரு கட்டைக்கு நான்கு ஜோடி நாக்கு வைத்த, 41 கட்டைப் பெட்டி என்றால் வலது கைப் பக்கம் மட்டும் 328 நாக்குகள். தகடுகளைத் தேன்மெழுகும் பைன் பிசினும் காய்ச்சி ஊற்றி ஒட்டியிருப்பார்கள். பரண் சூட்டில் மெழுகு இளகித் தகடு நழுவியிருக்கும், அல்லது காய்ந்து பொருபொருவென்று உதிரும். நாக்குக்கு மேலே ஒட்டியிருக்கும் தோல் துண்டு சுருண்டிருந்தாலும் கட்டை சரியாகப் பேசாது. துருவைக் கண்டு எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள், அத்தோடு சுருதி போச்சு. நீங்களே சுரண்டவும் வேண்டாம். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும், ஒரு முடியளவு அதிகமானால் புது நாக்குதான். திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வைகைக்கரை:
தாமதத்துக்கு மன்னிக்கவும், நேற்றுத்தான் மறுபடி ஊருக்குப் போக முடிந்தது. திருப்புளி அண்ணன் சொன்னபடியே செய்தேன். வீட்டுத் திண்ணையில் பழைய வேட்டி விரித்து, சித்தப்பா பக்கத்தில் உட்கார, ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அட்டையில் குத்தினேன். ஒரு பக்கத்தில் மெழுகு முழுக்க வெடித்திருந்தது, விரல் பட்டதும் மஞ்சள் பொடியாகக் கொட்டியது. இரண்டு தகடு கழன்று அடியில் கிடந்தது. துரு அதிகமில்லை.

துருத்தியும் மரச்சட்டமும் சேரும் இடத்தில், மூலையில், ஒரு காகிதப் பட்டை மடித்து ஒட்டியிருந்தது. கசிவை அடைக்க சித்தப்பாவே எப்போதோ வைத்தது. மெதுவாகப் பிரித்தேன். ரோஸ் கலர் திருவிழா நோட்டீஸின் ஓரம். "...ளுடன் மாபெரும் மெல்லிசை" என்று ஒரு வரி, அடியில் "இரவு 10 மணிக்கு". ஊர் பெயர் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தக் கோயில் என்று கண்டுபிடிக்க முடியவில்லை, ஆனால் அன்றைக்கு மழை வந்து மேடையில் தார்ப்பாய் போட்டதும், பெட்டி நனையக் கூடாதென்று சட்டையைக் கழற்றி மூடியதும், நனைந்த இடத்தில் காற்று போக ஆரம்பித்ததும், இடைவேளையில் கையில் கிடைத்த நோட்டீஸைக் கிழித்துச் சாதத்தால் ஒட்டியதும் ஒவ்வொன்றாக வந்தது. சித்தி சமையலறையிலிருந்து வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார், இந்தக் கதை எனக்கே தெரியாதே என்றார்.

சும்மா மூடி வைத்ததில் பதினோரு கட்டை பேசுகிறது, மற்றவை காற்று. அந்தப் பதினொன்றை மட்டும் வைத்து ஒரு பல்லவியின் பாதி வாசித்தார், விட்டுப்போன சுரங்களை வாயால் பாடிக்கொண்டே. அடுத்த வாரம் திருப்புளி அண்ணன் பட்டறைக்கு பெட்டியைக் கொண்டுவருகிறேன், முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். சித்தப்பாவும் பஸ்ஸில் கூட வருகிறாராம். பெட்டியை லக்கேஜில் போட விடமாட்டேன், மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று இப்போதே சொல்லிவிட்டார்.

திருப்புளி:
வாங்க தம்பி. அந்த நோட்டீஸ் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கூடவே எடுத்து வாருங்கள். புதுத் தோல் பட்டை ஒட்டிவிட்டு அதையும் உள்ளேயே பத்திரமாக வைத்து மூடிவிடுகிறேன்.